தமிழ் ஆய்வுக் கட்டுரையை ஆய்விதழுக்குத் தயார்செய்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலக்கியம், இலக்கணம், கல்வெட்டு, சுவடி, நாட்டார் வழக்காறு முதலான துறைகளில் தமிழில் கட்டுரை எழுதி ஆய்விதழுக்கு அனுப்பப்போகிறவர்களுக்காக இந்தப் பக்கம். ஒவ்வோர் இதழுக்கும் தனி நெறிமுறை உண்டு. அது இங்கே உள்ளதோடு முரண்பட்டால் இதழ் சொல்வதையே பின்பற்றுங்கள்.

வடிவமைப்பை எழுதும்போதே கவனிக்க வேண்டுமா, கடைசியில் பார்த்துக்கொள்ளலாமா?

ஓரம், வரி இடைவெளி, தலைப்பின் அளவு எல்லாம் கடைசியில் பத்து நிமிட வேலை. மூன்று விஷயங்களை மட்டும் முதல் நாளிலேயே சரியாக வைத்துக்கொள்ள வேண்டும். தட்டச்சு ஒருங்குறியில் (யூனிகோடு) இருக்கட்டும். அடிக்குறிப்பை வேர்டின் அடிக்குறிப்பு வசதியால் மட்டுமே போடுங்கள். ஒரு மேற்கோளை எடுக்கும்போதே நூல், பதிப்பு, ஆண்டு, பக்கம் நான்கையும் அதன் கீழே எழுதிவிடுங்கள். மூன்றாவதைத் தள்ளிப்போட்டால், பிறகு ஒரே ஒரு பக்க எண்ணுக்காக நூலகத்துக்குப் போக நேரும். அங்கே அந்தப் பதிப்பு கிடைக்காமல் பலர் வேறு பதிப்பின் பக்க எண்ணைப் போட்டுவிடுவார்கள். மதிப்பீட்டாளர் எடுத்துப் பார்க்கும்போது அந்தப் பக்கத்தில் வேறேதோ இருக்கும். ஒரு சான்று தவறினால் மற்ற சான்றுகளையும் அவர் ஐயத்தோடுதான் படிப்பார்.

எந்த எழுத்துருவில் அனுப்ப வேண்டும்?

ஒருங்குறி எழுத்துரு எதுவானாலும் சரி. லதா, நிர்மலா, நோட்டோ செரிஃப் தமிழ், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் எழுத்துருக்கள் என எதில் அடித்தாலும் உள்ளே பதிவாகும் குறியீடு ஒன்றே. இதழ் தனக்கு வேண்டிய எழுத்துருவுக்கு மாற்றிக்கொள்ளும். தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியையும் டேஸ்-16 குறியேற்றத்தையும் தரமாக அறிவித்தது. கட்டுரை அனுப்ப ஒருங்குறியே பொருத்தம், ஏனென்றால் தேடுபொறிக்கும் தரவுத்தளங்களுக்கும் ஒப்புமை பார்க்கும் மென்பொருளுக்கும் அதுதான் புரியும்.

வேர்டில் பாணியை வரையறுக்கும்போது தமிழுக்கு ஓர் எழுத்துருவும் ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துருவும் தனித்தனியே குறிக்க இடம் உண்டு. இரண்டையும் குறித்துவிட்டால் ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லையும் தனியே தேர்ந்து மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.

பழைய கட்டுரை பாமினி எழுத்துருவில் இருக்கிறது. எப்படி மாற்றுவது?

முதலில், ஏன் மாற்ற வேண்டும் என்பது. பாமினியில் ‘தமிழ்’ என்று திரையில் தெரிவது கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளாகவே இருக்கிறது. அவற்றுக்குத் தமிழ் முகம் கொடுப்பது எழுத்துரு மட்டும்தான். பெறுபவரின் கணினியில் பாமினி இல்லையென்றால் அந்த ஆங்கிலக் குறிகளே தெரியும். வானவில், ஸ்ரீலிபி போன்ற பழைய எழுத்துருக்களும் இதே வகை, ஆனால் எந்தக் குறிக்கு எந்த எழுத்து என்பது ஒவ்வொன்றிலும் வேறு. அதனால் மாற்றியில் எந்த எழுத்துரு என்பதைச் சரியாகத் தேர்வுசெய்ய வேண்டும்.

மூலக் கோப்பைத் தொடாமல் ஒரு படி எடுத்து அதில் வேலை செய்யுங்கள். என்.எச்.எம். கன்வர்ட்டர், சுரதாவின் பொங்குதமிழ் போன்ற மாற்றிகள் நன்றாகவே உதவும். கோப்பு முழுவதையும் ஒரேயடியாக மாற்றினால் ஆங்கிலத்தில் இருந்த நூற்பெயர்களும் இணைய முகவரிகளும் பொருளற்ற தமிழெழுத்துகளாகிவிடும். ஆகவே பாமினிப் பகுதிகளை மட்டும் எடுத்து மாற்றுங்கள். உரைப்பகுதியில் ‘அனைத்தையும் தேர்ந்தெடு’ கொடுத்தால் அடிக்குறிப்புகள் தேர்வாகாது, அவற்றைத் தனியே மாற்ற வேண்டும். அட்டவணைத் தலைப்பு, உரைப்பெட்டி, பக்கத் தலைப்பு ஆகியவையும் அடிக்கடி விடுபட்டுப்போகும். இணையப் பெட்டியில் ஒட்டி மாற்றினால் தடித்த எழுத்தும் அடிக்குறிப்பு இணைப்பும் போய்விடும், ஆகவே பத்தி பத்தியாகச் செய்வதே பாதுகாப்பு.

மாற்றி முடித்தபின் காற்புள்ளிகளை ஒருமுறை பாருங்கள். பாமினியில் காற்புள்ளிக்கான விசை ‘இ’ எழுத்தைத் தரும். ஆங்கில எழுத்துருவில் அடித்த காற்புள்ளி இடையில் கிடந்தால், மாற்றியபின் அந்த இடத்தில் ஒரு தனி ‘இ’ நிற்கும். மேற்கோள் குறிகள், அடைப்புக்குறிகள், ‘ஸ்ரீ’, ஔகாரம் ஆகியவையும் பிழை மிகும் இடங்கள்.

திரையில் சரியாகத் தெரிகிறது, ஆனால் தேடினால் சொல் அகப்படவில்லை. ஏன்?

பெரும்பாலும் காரணம் ஔகாரம். ‘கௌரவம்’ என்ற சொல்லில் ஔகாரக் குறி ஒரே குறியீடு. பலர் அதை எகரக் கொம்பும் ‘ள’ என்ற எழுத்துமாகச் சேர்த்து ‘கெளரவம்’ என்று அடித்துவிடுகிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்று. கணினிக்கு இரண்டும் வெவ்வேறு சொல். சோதிக்க எளிய வழி: ‘கௌ’வுக்கு அடுத்து சுட்டியை வைத்துப் பின்னழி விசையை ஒருமுறை தட்டுங்கள். ‘க’ மட்டும் மிஞ்சினால் சரி. ‘கெ’ மிஞ்சினால் தவறு. ‘ஔவையார்’ என்பதில் ‘ஒ’ மிஞ்சினால் அதுவும் இதே தவறு.

இன்னொன்று, ஒளிவருடி எழுத்துணரி (ஓ.சி.ஆர்.) வழியாக எடுத்த உரைகளில் ‘க’வுக்குப் பதில் தமிழ் எண் ‘௧’, ‘உ’வுக்குப் பதில் ‘௨’, ‘எ’வுக்குப் பதில் ‘௭’ புகுந்திருக்கும். துணைக்கால் வர வேண்டிய இடத்தில் ‘ர’ இருக்கும். தேடி மாற்றும் வசதியில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிடுங்கள். ‘ஸ்ரீ’யையும் ஸகரத்தோடு, ஶகரத்தோடு என இரு வகையில் அடிக்க முடியும், கட்டுரை முழுக்க ஒரே வகையாக இருக்கட்டும்.

பி.டி.எஃப். கோப்பிலிருந்து தமிழை நகலெடுத்து ஒட்டாதீர்கள். பல பி.டி.எஃப்.களில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே பதிவாகியிருப்பதால், ஒட்டும்போது கொம்பு முன்னே பிரிந்து நிற்கும், சில எழுத்துகள் காணாமலே போகும். மேற்கோளை நூலைப் பார்த்து மீண்டும் தட்டச்சு செய்வதே வழி. கட்டுரையை பி.டி.எஃப்.ஆக மட்டும் அனுப்பாமல் வேர்டு கோப்பையும் சேர்த்து அனுப்பச் சொல்வதும் இதனால்தான்.

பக்க அமைப்பு எப்படி இருக்க வேண்டும்?

இதழ் எதுவும் சொல்லாவிட்டால்: ஏ4 தாள், நான்கு பக்கமும் 2.54 செ.மீ. ஓரம், 12 புள்ளி எழுத்து, 1.5 வரி இடைவெளி, அடிக்குறிப்பு 10 புள்ளி, எல்லாப் பக்கத்திலும் பக்க எண். பக்கத்தை இரண்டு நெடுவரிசையாகப் பிரிக்கும் அமைப்பு, அலங்காரக் கோடு, வண்ணத் தலைப்பு எதுவும் வேண்டாம், பக்கம் கட்டுபவர் அவற்றையெல்லாம் நீக்கிவிட்டுத்தான் தொடங்குவார். தலைப்புகளுக்கு வேர்டின் தலைப்புப் பாணியைப் பயன்படுத்துங்கள். இடைவெளி விசையைத் தட்டித் தட்டி எதையும் நேராக்காதீர்கள். எழுத்துரு மாறியதும் எல்லாம் கலைந்துவிடும்.

நூற்பெயர்களைச் சாய்வெழுத்தில் போடலாமா?

தமிழ் எழுத்துருக்கள் பெரும்பாலானவற்றில் உண்மையான சாய்வு வடிவம் கிடையாது. வேர்டு எழுத்தைச் செயற்கையாகச் சரித்துக் காட்டுகிறது, அச்சில் அது அழகாகவும் இராது, படிக்கவும் கடினம். தமிழ் நூற்பெயருக்கு ஒற்றை மேற்கோள் அல்லது தடித்த எழுத்து, ஆங்கில நூற்பெயருக்குச் சாய்வு என்று வைத்துக்கொள்வது நல்லது. எதைத் தேர்ந்தாலும் தொடக்கம் முதல் முடிவு வரை அதையே கடைப்பிடியுங்கள்.

தலைப்பு, ஆய்வுச்சுருக்கம், திறவுச்சொற்கள் பற்றி?

தலைப்பில் எந்த நூல் அல்லது எந்தத் தரவு, எந்தச் சிக்கல் என்பது தெரிய வேண்டும். ‘சங்க இலக்கியத்தில் பெண்கள்’ என்பது ஒரு நூலகத்தின் அலமாரிப் பெயர். ‘குறுந்தொகைத் தோழி கூற்றுகளில் வினா வாக்கியம்’ என்றால் படிப்பவருக்கு உள்ளே என்ன இருக்கும் என்று தெரியும்.

சுருக்கம் பொதுவாக 150 முதல் 250 சொல். சிக்கல் என்ன, எந்தத் தரவை எப்படிப் பார்த்தீர்கள், என்ன கண்டீர்கள் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்: ‘இக்கட்டுரை ஆராய்கிறது’ என்று முடித்துவிடுவார்கள், ஆராய்ந்து என்ன கிடைத்தது என்று சொல்வதில்லை. சுருக்கத்தில் மேற்கோளும் அடிக்குறிப்பும் வேண்டாம். பெரும்பாலான இதழ்கள் ஆங்கிலத்திலும் தலைப்பும் சுருக்கமும் கேட்கும். அதைத் தமிழிலிருந்து சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல், தமிழ் தெரியாத ஆய்வாளருக்குச் சொல்வதுபோலத் தனியே எழுதுங்கள். ‘தோழி’, ‘துறை’, ‘கூற்று’ போன்றவற்றுக்கு அவருக்கு ஒரு சொல் விளக்கம் தேவைப்படும்.

திறவுச்சொல் ஐந்து போதும். தலைப்பில் உள்ள சொற்களையே திரும்ப எழுதாமல், ஒருவர் இந்தக் கட்டுரையைத் தேடிவரக்கூடிய வேறு சொற்களைக் கொடுங்கள்.

கட்டுரையின் உடலில் என்னென்ன பகுதிகள் இருக்க வேண்டும்?

முன்னுரை, ஆய்வுச் சிக்கல், கருதுகோள், நோக்கம், எல்லை, முன்னாய்வு என்று ஆய்வேட்டுக்குரிய தலைப்புகளை எல்லாம் பத்துப் பக்கக் கட்டுரைக்குள் கொண்டுவர வேண்டியதில்லை. கட்டுரைக்குத் தேவை ஒரு கேள்வி, அதைப் பற்றி முன்பு சொல்லப்பட்டவை, உங்கள் சான்று, அதிலிருந்து நீங்கள் வரும் முடிவு. தமிழின் தொன்மை, நூலின் பெருமை என்று தொடங்கும் முதல் பக்கத்தை நீக்கிவிட்டுப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் கட்டுரை இரண்டாம் பக்கத்தில்தான் ஆரம்பிக்கும். முன்னாய்வில் பெயர்களை மட்டும் அடுக்காமல், யார் எதைச் சொன்னார், எங்கே உங்கள் கேள்வி விடுபட்டிருக்கிறது என்று எழுத வேண்டும். ஓர் இதழின் பொறுப்பாசிரியர் முதலில் பார்ப்பது இந்த இடத்தைத்தான்.

செய்யுள் மேற்கோளை எப்படிக் கொடுப்பது?

தமிழ் ஆய்வில் சான்றின் பெரும்பகுதி செய்யுள்தான், ஆகவே இதைச் சற்று விரிவாகவே பார்க்கலாம்.

பக்க எண்ணைவிடப் பாடல் எண்ணும் வரி எண்ணுமே முதன்மை. ‘குறுந். 40:4’ என்றால் எந்தப் பதிப்பை வைத்திருப்பவரும் ‘செம்புலப் பெயனீர்’ வரும் வரிக்குப் போய்விடுவார். திருக்குறளுக்குக் குறள் எண் போதும். சிலப்பதிகாரத்துக்குக் காதையும் வரியும் வேண்டும். கம்பராமாயணத்துக்குக் காண்டம், படலம், பாடல் எண் மூன்றோடு பதிப்பையும் சொல்ல வேண்டும், ஏனெனில் பதிப்புக்குப் பதிப்பு பாடல் எண் மாறும். தொல்காப்பியத்தில் உரையாசிரியர்கள் நூற்பாவைப் பிரித்த முறை வேறுபடுவதால், இளம்பூரணர் உரைப்படி ஓர் எண்ணும் நச்சினார்க்கினியர் உரைப்படி வேறோர் எண்ணும் வரலாம். ‘தொல். பொருள். இளம்.’ என்று உரையாசிரியரையும் சேர்த்தால்தான் எண்ணுக்குப் பொருள் உண்டு.

அடுத்தது சீர்பிரிப்பு. அதே குறுந்தொகைப் பாடலின் முதல் வரி ஒரு பதிப்பில் ‘யாரா கியரோ’ என்று யாப்புப்படி பிரிந்திருக்கும். இன்னொன்றில் ‘யார் ஆகியரோ’ என்று பொருள்படப் பிரிந்திருக்கும். இரண்டும் சரிதான். ஒரே கட்டுரையில் பாதி மேற்கோள் ஒரு விதமாகவும் பாதி மற்றொரு விதமாகவும் இருந்தால், ஆசிரியர் வெவ்வேறு இடங்களிலிருந்து பார்த்து ஒட்டியிருக்கிறார் என்று உடனே தெரிந்துவிடும். சொல்லெண்ணிக்கை, யாப்பு பற்றிய கட்டுரையானால் முடிவே பிழையாகும். ஒரு பதிப்பை அடிப்படையாக வைத்து, அதை முதல் மேற்கோளின் அடிக்குறிப்பில் சொல்லிவிடுங்கள். நீங்களே சந்தி பிரித்திருந்தால் அதையும் சொல்லுங்கள். பாடவேறுபாடு உங்கள் வாதத்தைத் தொடுமானால், எந்தப் பாடத்தை ஏன் கொண்டீர்கள் என்பதை உரையிலேயே எழுத வேண்டும்.

இரண்டு வரி வரை உரையோடு சேர்த்து மேற்கோள் குறிக்குள் தரலாம். அதற்கு மேற்பட்டால் தனியே, இடப்புறம் சுமார் 1.25 செ.மீ. உள்தள்ளி, மேற்கோள் குறியில்லாமல் தரலாம். வரியை முறிக்க ஷிஃப்ட் விசையோடு என்டர் தட்டினால் பாடல் ஒரே பத்தியாக நிற்கும், பக்கம் கட்டும்போது சிதறாது. உரையாசிரியர் சொன்னதையும் மூலத்தில் உள்ளதையும் கலக்காதீர்கள். உரையில் மட்டுமே உள்ள செய்தியைச் சங்கப்பாடலே சொல்வதாக எழுதுவது மதிப்பீட்டாளர்கள் மிகுதியாகச் சுட்டும் குறைகளில் ஒன்று.

கல்வெட்டும் சுவடியும்?

கல்வெட்டுக்குத் தொகுதி எண், கல்வெட்டு எண், வரி, ஊர், அரசன், ஆட்சியாண்டு ஆகியவை வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியிலிருந்து எடுத்தால் அத்தொகுதியின் எண்ணையே தர வேண்டும், இரண்டாம் நிலை நூலொன்றின் பக்க எண் போதாது. பாடம் அச்சாகாதிருந்தால் கல்வெட்டியல் ஆண்டறிக்கையின் ஆண்டையும் எண்ணையும் தரலாம், ஆனால் அங்கே இருப்பது பெரும்பாலும் செய்திச்சுருக்கம் மட்டுமே என்பதை மறக்க வேண்டாம். பதிப்பாசிரியர் இட்ட சதுர அடைப்பும் உடுக்குறியும் சிதைந்த எழுத்தையும் ஊகித்து நிரப்பிய எழுத்தையும் காட்டுபவை. ‘படிக்க வசதியாக’ அவற்றை நீக்கினால் ஊகம் சான்றாகிவிடும். கல்லில் பெரும்பாலும் புள்ளி இராது. அச்சுப் பாடத்தில் உள்ள புள்ளி பதிப்பாசிரியர் இட்டதாக இருக்கலாம், எனவே எழுத்தியல் பற்றி எழுதுகிறவர்கள் மைப்படியையோ (கல்லில் தாளை ஒற்றி மையால் எடுத்த படி) ஒளிப்படத்தையோ பார்த்தாக வேண்டும்.

சுவடிக்கு நூலகப் பெயர், சுவடி எண், ஏட்டின் எண், முன்பக்கமா பின்பக்கமா என்பவை. சென்னைக் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், தஞ்சை சரசுவதி மகால், உ.வே.சா. நூலகம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண் முறை உண்டு, அதை அப்படியே எழுதுங்கள்.

‘மேலது’, ‘மு.கூ.நூல்’ பயன்படுத்தலாமா?

‘மேலது’ (மேலே குறித்த அதே நூல்), ‘மு.கூ.நூல்’ (முன் கூறிய நூல்) இரண்டும் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. திருத்தும்போது ஒரு பத்தி இடம் மாறினால் ‘மேலது’ வேறொரு நூலைச் சுட்டத் தொடங்கிவிடும், யாரும் கவனிக்க மாட்டார்கள். ‘சாமிநாதையர் 1937: 85’ என்பதுபோல ஆசிரியர், ஆண்டு, பக்கம் என்ற முறை எங்கே நகர்த்தினாலும் உடையாது. இதழ் ‘மேலது’தான் வேண்டும் என்றால், எல்லாத் திருத்தமும் முடிந்தபின் கடைசி வேலையாக மாற்றுங்கள்.

துணைநூற்பட்டியலில் தமிழ்ப் பெயர்களை எப்படி எழுதுவது?

இயற்பெயர் முன்னே, தலைப்பெழுத்து பின்னே: ‘சாமிநாதையர், உ.வே.’. முனைவர், பேராசிரியர், டாக்டர், திரு ஆகியவற்றை நீக்கிவிடுங்கள். நூலின் தலைப்புப் பக்கத்தில் உள்ள வடிவமே அடிப்படை. ஒருவரே ஒரு நூலில் ‘எஸ்.’ என்றும் இன்னொன்றில் ‘ச.’ என்றும் இருந்தால் பட்டியலில் ஒரே வடிவத்தில் சேர்த்து, மற்றதை அடைப்புக்குள் குறிக்கலாம். ஆசிரியர், பதிப்பாசிரியர், உரையாசிரியர், தொகுப்பாசிரியர் என்ற வேறுபாட்டைக் கட்டாயம் காட்ட வேண்டும்.

மறுபதிப்பைப் பயன்படுத்தினால் முதற்பதிப்பின் ஆண்டையும் தாருங்கள். உ.வே.சா.வின் புறநானூற்றுப் பதிப்பு 1894இல் வந்தது. அண்மைய மறு அச்சின் ஆண்டை மட்டும் போட்டால் அதற்குப் பின் வந்த பதிப்புகளெல்லாம் அதற்கு முந்தியவைபோல் தோன்றும்.

பழைய நூல்களில் விஜய, பிரபவ என்று வருடப் பெயர் மட்டும் இருக்கும். அது 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வருவது: விஜய என்றால் 1893–94, 1953–54, 2013–14 எதுவாகவும் இருக்கலாம். தாள், அச்சுக்கூடம், முகவுரை ஆகியவற்றைக் கொண்டு முடிவுசெய்து, மாதம் தெரியாவிட்டால் இரண்டு ஆண்டுகளையும் சேர்த்தே எழுதுங்கள், ஏனென்றால் தமிழ் வருடம் ஏப்ரல் நடுவில் தொடங்குகிறது. திருவள்ளுவர் ஆண்டு தரப்பட்டிருந்தால் 31ஐக் கழித்துப் பொது ஆண்டைக் குறிக்கலாம்.

மதுரைத் திட்டம், நூலகம், தமிழ் இணையக் கல்விக்கழகம் ஆகிய இணையதளங்களின் மின்னூலைப் பார்த்திருந்தால் அதை மறைத்து அச்சு நூலைப் பார்த்ததுபோலக் காட்ட வேண்டியதில்லை. மின்னூல் எந்த அச்சுப் பதிப்பைப் பின்பற்றியது என்பதைக் குறித்து, முகவரியையும் பார்த்த நாளையும் சேர்த்தால் நேர்மையாகவும் இருக்கும், சரிபார்க்கவும் முடியும்.

பட்டியலை அகரவரிசைப்படுத்தினால் வரிசை குழம்புகிறது. ஏன்?

ஒருங்குறி அட்டவணையில் எழுத்துகள் நிற்கும் வரிசை நம் நெடுங்கணக்கு வரிசை அன்று. அங்கே ந, ன, ப என்று ‘ன’ முன்னே வந்துவிடுகிறது. ர, ற, ல, ள, ழ, வ என்று தொடர்கிறது. ‘ஜ’ சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவே நிற்கிறது. புள்ளிக்குறியும் உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னே இருக்கிறது. குறியீட்டு வரிசைப்படி அடுக்கும் மென்பொருள் ‘கணேசன், கனகசபை, கமலா’ என்று தரும். முறையான வரிசை ‘கணேசன், கமலா, கனகசபை’. அதுபோல ‘அபிராமி, அப்பாதுரை’ என்று வருவதை ‘அப்பாதுரை, அபிராமி’ என மாற்ற வேண்டும், மெய்யெழுத்து உயிர்மெய்க்கு முன் வருவதால்.

வேர்டின் வரிசைப்படுத்தும் பெட்டியில் விருப்பங்களுக்குள் சென்று மொழியைத் தமிழ் என்று அமைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் ஒருமுறை கண்ணால் சரிபார்ப்பது அவசியம். தமிழ் நூல்கள், ஆங்கில நூல்கள், இணையப் பக்கங்கள் எனத் தனித்தனிப் பட்டியலாக்குவதும் உதவும்.

தமிழ்த் துணைநூல்களை ரோமன் எழுத்தில் கேட்கிறார்கள். எந்த முறை?

ஸ்கோப்பஸ் போன்ற தரவுத்தளங்கள் துணைநூற்பட்டியல் ரோமன் எழுத்தில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதால் வரும் தேவை இது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் முறையை ஆய்வுலகம் பரவலாக ஏற்றிருக்கிறது. அதில் நெடிலுக்கு மேலே கோடு, ‘ள’வுக்கு எல் எழுத்தின் அடியில் புள்ளி, ‘ழ’வுக்கு அதே எழுத்தின் அடியில் கோடு, ‘ண’வுக்கு என் எழுத்தின் அடியில் புள்ளி, ‘ன’வுக்கு அடியில் கோடு, ‘ற’வுக்கு ஆர் எழுத்தின் அடியில் கோடு. இந்தக் கோட்டை அடிக்கோடு வசதியால் போடாதீர்கள், கோப்பு மாறும்போது அது காணாமல் போகும். அந்தக் குறியோடு கூடிய ஒருங்குறி எழுத்தையே இடுங்கள். ஆசிரியர் தம் பெயரை ஆங்கிலத்தில் வழக்கமாக எழுதும் வடிவம் இருந்தால் அதை அப்படியே விடலாமா என்று இதழைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பதிவுப் படிவத்தில் குடும்பப் பெயர் கேட்கிறது. எனக்குத் தலைப்பெழுத்து மட்டும்தான் உண்டு.

தந்தை பெயரை அந்தக் கட்டத்தில் போட்டால் உங்கள் கட்டுரை காலமெல்லாம் தந்தையின் பெயரிலேயே மேற்கோள் காட்டப்படும். உங்கள் இயற்பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்திலும், தலைப்பெழுத்தை முதற்பெயர்க் கட்டத்திலும் இடுங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒன்றை இப்போதே முடிவுசெய்து எல்லாக் கட்டுரையிலும் அதையே எழுதுங்கள். ஆய்வாளரை அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்சிட் எண் இலவசம். அதை எடுத்துவிட்டால் எழுத்துக்கூட்டல் மாறினாலும் படைப்புகள் ஒருவருடையவை என்று தெரியும்.

படங்களை எப்படி அனுப்புவது?

அச்சாகும் அளவில் அங்குலத்துக்கு 300 படப்புள்ளி (300 டி.பி.ஐ.) இருக்க வேண்டும். 9 செ.மீ. அகலத்தில் அச்சாக ஏறத்தாழ 1,060 படப்புள்ளி, 16 செ.மீ. அகலத்துக்கு ஏறத்தாழ 1,890 படப்புள்ளி வேண்டும். சிறிய படத்தை மென்பொருளில் பெரிதாக்குவதால் தெளிவு கூடாது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், மூலக் கோப்பையே அனுப்புங்கள். கல்வெட்டு, சிற்பம், ஏடு எதுவானாலும் அளவுகோல் வைத்து எடுப்பது நல்லது. படத்தின் கீழே எண்ணும் விளக்கமும், அட்டவணையின் மேலே எண்ணும் தலைப்பும் வரும். அட்டவணையைப் படமாக ஒட்டாதீர்கள். நூலகம், கோயில், தொல்லியல் துறை இவற்றின் உரிமையில் உள்ள பொருளுக்கு எழுத்து மூலமான அனுமதி தேவைப்படும், அது வரத் தாமதமாகும் என்பதால் எழுதத் தொடங்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

பிற நூல், கட்டுரைகளோடு ஒப்புமை விழுக்காடு எவ்வளவு வரை இருக்கலாம்?

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைப்படி 10 விழுக்காடு வரை தண்டனை இல்லாத நிலை. அதற்கு மேல் 40 வரை, 60 வரை, 60க்கு மேல் என மூன்று படிகள். உரிய முறையில் குறிப்பிட்ட மேற்கோள், துணைநூற்பட்டியல், நன்றியுரை போன்றவை கணக்கில் சேராது. இந்த எண்ணை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். ஒருவருடைய வாதத்தை முழுக்கச் சொல் மாற்றி எழுதி அவர் பெயரை விட்டுவிட்டால் மென்பொருள் பூச்சியம் காட்டலாம், ஆனாலும் அது திருட்டுத்தான். உங்கள் ஆய்வேட்டிலிருந்து எடுத்த பகுதியையும் ‘ஆய்வேட்டின் இந்த இயலிலிருந்து’ என்று சொல்லியே பயன்படுத்துங்கள்.

செயற்கை நுண்ணறிவுக் கருவியைப் பயன்படுத்தலாமா?

இதழின் கொள்கையைப் பாருங்கள். கருவியை ஆசிரியராகச் சேர்க்க முடியாது என்று பதிப்பு அறத்துக்கான கோப் அமைப்பு 2023இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மொழித் திருத்தத்துக்குப் பயன்படுத்தியிருந்தால் எங்கே, எதற்கு என்று குறிப்பிடுங்கள். மேற்கோளையும் துணைநூலையும் அதனிடம் கேட்காதீர்கள். இல்லாத நூலுக்குப் பக்க எண்ணும், சங்க நடையில் அமைந்த இல்லாத அடிகளும் அது தந்துவிடும். ஒவ்வோர் அடியையும் அச்சு நூலில் பார்த்தபிறகே சேர்க்க வேண்டும்.

பெயர் மறைத்து அனுப்பச் சொன்னால் என்ன செய்வது?

பெயர், நிறுவனம், நன்றியுரை ஆகியவற்றைத் தனி முகப்புத் தாளுக்கு மாற்றுங்கள். ‘எனது முந்தைய கட்டுரையில்’ என்பதைப் படர்க்கையில் எழுதுங்கள். கோப்பின் பண்புகளில் உங்கள் பெயர் இருக்கும், வேர்டின் ஆவணப் பரிசோதனை வசதியால் அதை நீக்கலாம். கோப்பின் பெயரிலேயே தம் பெயரை விட்டுவிடுபவர்கள் பலர், அதையும் மாற்றிவிடுங்கள்.

எந்த இதழுக்கு அனுப்பலாம் என்று எப்படி முடிவுசெய்வது?

மானியக் குழு, ஏற்கத்தக்க இதழ்களைக் காட்டிய தன் கேர் பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டது. எனவே ‘கேர் பட்டியலில் உள்ளது’ என்ற விளம்பரம் இன்று எதையும் உறுதிசெய்யாது. இதழை அடையாளம் காட்டும் எட்டு இலக்க ஐ.எஸ்.எஸ்.என். எண்ணை அதற்கான இணையதளத்தில் சரிபாருங்கள். ஆசிரியர் குழுவில் உள்ளவர்கள் அந்தத் துறையினரா, அவர்களுடைய நிறுவனப் பக்கத்தில் அந்தப் பொறுப்பு குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கடைசி இரண்டு இதழ்களை எடுத்து நான்கு கட்டுரையாவது படியுங்கள். இரண்டே நாளில் ஏற்பு, உடனே பணம் என்று கேட்டால் விலகிவிடுங்கள். ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இதழுக்கு அனுப்புவது கூடாது.

மதிப்பீட்டாளர் திருத்தம் கேட்டால் எப்படிப் பதில் தருவது?

மூன்று நெடுவரிசை கொண்ட அட்டவணை போடுங்கள்: அவர் சொன்னது, நீங்கள் செய்தது, பக்கமும் வரியும். ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு வரிசை. ‘திருத்தப்பட்டது’ என்று மட்டும் எழுதாமல் திருத்திய வாக்கியத்தையே அங்கே ஒட்டுங்கள். உடன்பாடில்லை என்றால் மறுக்கலாம், சான்றோடு மறுங்கள். ‘பாடல் எண் தவறு’ என்று அவர் சுட்டியது வேறு பதிப்பைப் பார்த்ததாலும் இருக்கக்கூடும். அப்போது உங்கள் பதிப்பின் பெயரைச் சொன்னாலே தீர்ந்துவிடும்.

மெய்ப்பு (அச்சுக்கு முந்தைய சரிபார்ப்புப் படி) வந்தால் எதைப் பார்க்க வேண்டும்?

முழுவதையும் புதிதாகப் படியுங்கள், ஏனென்றால் உங்கள் கோப்பில் இல்லாத பிழைகள் இங்கே பிறக்கின்றன. சில அச்சகங்கள் ஒருங்குறியைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றிப் பக்கம் கட்டும். அப்போது ஔகாரம், ‘ஸ்ரீ’, அடிக்குறிப்பு எண், ரோமன் எழுத்தின் புள்ளி, கோடு எல்லாம் மாறலாம். பக்கம் கட்டும் மென்பொருளான இன்டிசைனில் தமிழுக்குரிய வரியமைப்பு முறையைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பும் கொக்கியும் இடம்மாறி நிற்கும். ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ மூன்றும் வரும் ஒரு பக்கத்தைப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். செய்யுள் வரிகள் முறிந்த இடம், மேற்கோள் எண்கள், உங்கள் பெயர், நிறுவனம், ஆர்சிட் எண் ஆகியவற்றை மூலத்தோடு வைத்து ஒப்பிடுங்கள். திருத்தங்களைப் பக்கம், வரி, உள்ளது, வேண்டியது என்று பட்டியலிட்டு அனுப்புங்கள். தொலைபேசியில் சொன்னால் ‘ழ’வும் ‘ள’வும் மாறிவிடும்.